வேண்டுதல் பலிக்கவில்லை, கடன் மட்டும் நிற்குமா?

செம்மண்தெரு (இழையைத் தொடங்கியவர்), இரவு 11.52

மார்கழி பிறந்துவிட்டது, வீட்டில் காவடிப் பேச்சும் தொடங்கிவிட்டது. முறை தெரிந்த பெரியவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

2021 மே மாதம் என் தங்கச்சிக்குக் கொரோனா. வயது 34, இரண்டு பிள்ளைகள். இங்கே படுக்கை இல்லை என்று மதுரைக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அந்த மாதம் எல்லா இடமும் ஒன்றுதான். வாசலில் ஆம்புலன்சிலேயே நான்கு மணி நேரம் கிடந்தாள். உள்ளே எடுத்துக்கொண்ட பிறகு, மூடிக் கிடந்த ஒரு டீக்கடையின் ஷட்டர் முன்னால் உட்கார்ந்து, குன்றக்குடி எந்தப் பக்கம் என்று குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டேன். "சண்முகநாதா, அவளை வீட்டுக்கு அனுப்பி வை. தெம்பு உள்ளவரைக்கும் வருஷா வருஷம் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிறேன்" என்று வாய்விட்டே சொன்னேன்.

பதினோராம் நாள் போய்விட்டாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நீல உடை போட்ட நான்கு பேர் தூக்கிப்போனார்கள். நான் இருபதடி தள்ளி நின்றேன்.

அதிலிருந்து கோயிலுக்குப் போவதில்லை. சாமியோடு சண்டை என்றெல்லாம் இல்லை. வாசல் வரைக்கும் போனால் கால் தானாகத் திரும்பிக்கொள்கிறது. வேலைக்குத் திருப்பத்தூர் போகிறேன். பஸ்ஸில் பிள்ளையார்பட்டி வளைவு வரும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆத்தா (அம்மா) சொல்வது இது: "நீ சொன்ன சொல்லு நீ சொன்னதுதான். அவன் செஞ்சானா செய்யலையாங்கிறது அவன் பாடு." அப்பச்சி (அப்பா) சொல்வது: "நடக்காத காரியத்துக்குக் கடன் ஏது? விடு." இருவருமே தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தான்.

முறைப்படி இந்தக் கடன் நிற்குமா, நிற்காதா? இப்படி ஆனவர்கள் யாராவது திரும்பவும் நம்பினீர்களா? புத்திமதி வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

---

அரோகரா77, இரவு 12.10

முருகன் சோதிப்பான், கைவிட மாட்டான். நாம் கேட்டது கிடைக்கவில்லை என்றால் முன்வினை ஏதோ குறுக்கே நிற்கிறது, அல்லது நம்பிக்கையில் எங்கோ குறை இருக்கிறது என்று அர்த்தம். மனதைச் சுத்தமாக வைத்து 48 நாள் விரதம் இருந்து பாருங்கள் நண்பரே. எல்லாம் நன்மைக்கே.

---

வளவுவீட்டு ஆச்சி, காலை 5.35

தம்பி அரோகரா, இழவு வீட்டு வாசலில் நின்று "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டுப் பொம்பிளைகள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டியது இவருடைய நம்பிக்கையில் குறை இருந்ததாலா? உங்கள் வயசு எனக்குத் தெரியாது. எனக்கு 71. அதனால் சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

செம்மண்தெரு, எங்கள் வீட்டுச் செட்டியார் பக்கவாதத்தில் விழுந்து 9 வருஷம் படுக்கையில் கிடந்தார்கள். நான் வைக்காத வேண்டுதல் இல்லை. வைரவன்பட்டி வைரவருக்கு வடைமாலை, காரைக்குடி முத்துமாரிக்குப் பால்குடம், யாரோ சொன்னார்கள் என்று ஊர்பேர் தெரியாத கோயிலுக்கெல்லாம் போனேன். ஒரு விரல்கூட அசையவில்லை. நம்பிக்கை போகவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். போகும், வரும், கரண்ட் மாதிரி. போயிருந்த நாள்களிலும் காலையில் விளக்கு ஏற்றினேன். ஏற்றாவிட்டால் வீடு இருட்டாக இருக்கும், அவ்வளவுதான் காரணம்.

அடுத்த வாரம் பிள்ளையார் நோன்பு வருகிறது. அதற்கு ஒரு கதை சொல்வார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன நம் நகரத்தார்கள் புயலில் மாட்டிக்கொண்டார்கள். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூல் என்று வேட்டியிலிருந்து உருவி வைத்தார்கள். 21 நூல் சேர்ந்த அன்று கரை ஏறினார்கள். அதை ஒன்றாகத் திரித்து, பிள்ளையாருக்கு முன் திரியாக ஏற்றி, எரிகிறபடியே வாயில் போட்டுக்கொண்டார்கள். அதைத்தான் இன்றைக்கும் இழை எடுத்துக்கொள்கிறோம்.

சின்ன வயசில் கேட்டபோது, காப்பாற்றிய பிள்ளையாருக்கு நன்றி சொன்னார்கள் என்றுதான் நினைத்தேன். செட்டியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் ஒருநாள் வேறு ஒன்று தட்டுப்பட்டது. 21-ஆம் நாள் கரை வரும் என்று அந்தக் கப்பலில் யாருக்குத் தெரியும்? ஆறாம் நூலை உருவினவனுக்கு ஏழாம் நாள் இருப்போமா என்பதே தெரியாது. அவனிடம் பெரிய நம்பிக்கை ஒன்றும் இருந்திருக்காது. அன்றைய நூலை அன்றைக்கு எடுத்து வைத்தான். என் 9 வருஷமும் அப்படித்தான் போயிற்று. அந்தக் கப்பலுக்குக் கரை வந்தது. எனக்கு வந்ததா என்று கேட்காதீர்கள்.

கடன் விஷயம் எனக்குத் தெரியாது. ஆத்தா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அப்பச்சி சொன்னதிலும் இருக்கிறது.

---

கேள்விக்குறி, காலை 9.20

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வம்பு செய்ய வரவில்லை. அந்த மே மாதத்தில் குறைவாக இருந்தவை ஆக்சிஜன், படுக்கை, ஆள். அவை இருந்த இடத்தில் பலர் பிழைத்தார்கள். இந்தக் கணக்கில் முருகனையும் சேர்க்க வேண்டியதில்லை, உங்களையும் சேர்க்க வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் நீங்கள் சரியாகக் கும்பிட்டீர்களா என்ற கேள்விக்கே இடம் இல்லை. எனக்கு இது ஆறுதலாக இருந்தது. என் அண்ணன் போனபோது "உன்மேல் தப்பில்லை" என்று எனக்குச் சொன்னது அறிவியல்தான்.

நடக்க ஆசையாக இருந்தால் நடங்கள். கடனுக்காக நடக்காதீர்கள்.

---

செம்மண்தெரு, காலை 9.48

கேள்விக்குறி, நன்றி. இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் ஒன்று. முருகனை இதில் சேர்க்காமல் விட்டால் எனக்குக் கோபப்பட ஆளே இல்லாமல் போய்விடுகிறது. அதுவும் ஒரு தனிமைதான்.

---

ஐந்தொகை, காலை 11.05

கண்டனூரில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஐயா (தாத்தா) பர்மாவில் பெகு பக்கத்து வட்டிக்கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த ஆளாக, இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலேறினார்கள், மற்ற லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஐயா அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங்குக்கு நடந்தார். கூட வந்த பெட்டியடிப் பையனுக்கு (கடையில் எடுபிடி வேலை பழகுகிறவன்) 15 வயது. வழியில் காலரா கண்டு செத்துப்போனான். அவனைத் "தண்டாயுதபாணி கூட்டிக்கொண்டு போவான், பயப்படாதே" என்று சொல்லிக் கூட்டிவந்தவர் ஐயாதான். ஊர் திரும்பி அந்தப் பையனுடைய தாயாரிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு 8 வருஷம் ஐயா கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். பழைய குறிப்பேடுகள் என்னிடம்தான் இருக்கின்றன, அவற்றில் பார்த்தேன். அந்த 8 வருஷத்திலும் கோயில் விளக்கு எண்ணெய்க்கு எழுதி வந்த மகமை (தர்மத்துக்கு ஒதுக்கும் பணம்) ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. சோற்றுக்கே இழுபறியாக இருந்த வருஷங்கள் அவை. பர்மாவில் 1948-இல் நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டார்கள், வரவேண்டியது ஒன்றும் வராது என்று ஆயிற்று. அந்த மாதமும் எண்ணெய்க்குப் பற்று எழுதியிருக்கிறார். இதைப் பற்றி அப்பத்தா கேட்டபோது சொன்னாராம்: "அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதுக்காக விளக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பற்று என்றால் கொடுத்தது, செலவு. அதே சொல்லைத்தான் பாசத்துக்கும் பக்திக்கும் சொல்கிறோம். 40 வருஷம் பற்று வரவு எழுதியும் இது எனக்கு உறைக்கவில்லை, ஐயாவின் ஏட்டைப் பார்த்த அன்றுதான் உறைத்தது. அந்த எண்ணெய்க்கு எதிரே வரவுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

நம் ஆட்கள் சாமியையும் ஒரு கடை மாதிரியே பார்த்துப் பழகிவிட்டோம். இவ்வளவு போட்டால் இவ்வளவு வட்டி. நானும் அப்படித்தான், மறுக்கவில்லை. உங்கள் அப்பச்சி சொல்வது அந்தக் கணக்குப்படி முழுக்கச் சரி. சரக்கு வரவில்லை, கடனும் இல்லை. உங்கள் ஆத்தா வேறு ஏதோ ஏட்டைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது.

ஐயா திரும்பக் கோயிலுக்குப் போனது ஏன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து காரணம் ஒன்றும் இல்லை. ஒருநாள் போனார்.

---

அரோகரா77, பகல் 12.30

ஆச்சி, மன்னிக்க வேண்டும். செம்மண்தெரு, உங்களிடமும். எங்கள் அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள், யோசிக்காமல் எழுதிவிட்டேன். எனக்கு இதுவரை பெரிய இழப்பு எதுவும் வந்ததில்லை.

---

வளவுவீட்டு ஆச்சி, பகல் 12.41

வர வேண்டாம் அப்பா. நன்றாக இருங்கள்.

---

புதுவயல் பாய், பிற்பகல் 3.15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பிற மதத்து விஷயத்தில் நுழைகிறேன் என்று நினைக்க வேண்டாம். "நீல உடை போட்ட நான்கு பேர்" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மாதங்களில் நானும் அந்த உடையைப் போட்டவன். மதுரையில் இல்லை, இந்தப் பக்கம். எங்கள் பையன்கள் சேர்ந்து எந்த மதத்தவராக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போனோம். இந்து என்றால் எரியூட்டும் இடத்துக்கு, கிறிஸ்தவர் என்றால் கல்லறைத் தோட்டத்துக்கு. உள்ளே வியர்வையில் கண் தெரியாது. அந்த நேரத்தில் துஆ (பிரார்த்தனை) கேட்டீர்களா என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜரத் பின்னால் கேட்டார். உண்மையைச் சொன்னேன்: "இல்லை ஹஜரத், கயிறு நழுவக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது." அவர் சிரித்துக்கொண்டே, "ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னார்களே, நீ அந்தக் கட்டுகிற வேலையில் இருந்திருக்கிறாய்" என்றார்.

ஐயூப் நபியின் கதை எங்களிடமும் உண்டு, யோபு என்று கிறிஸ்தவர்களிடமும் உண்டு. பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போனவர். பொறுமைக்கு அவரைத்தான் சொல்வார்கள். பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். கடைசியில் அவருக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது, போன பிள்ளைகளுக்கு ஈடாகப் பிள்ளைகளும் கிடைத்தார்கள் என்கிறார்கள். பிள்ளைக்கு ஈடு பிள்ளையா? இதை ஹஜரத்திடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் திட்ட மாட்டார், ஆனால் பதில் சொல்லவும் நேரம் எடுத்துக்கொள்வார்.

உங்கள் தங்கச்சியைத் தூக்கியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எங்களைப் போன்றவர்கள்தான் என்றால், மெதுவாகத்தான் இறக்கி வைத்திருப்பார்கள். அதை மட்டும் சொல்ல வந்தேன்.

---

செம்மண்தெரு, பிற்பகல் 3.58

பாய், இதை ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி இரண்டு வரியை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

---

பள்ளத்தூர் வாத்தியாரம்மா, மாலை 6.20

கோபப்பட ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நம் மரபில் அதற்கு இடம் உண்டு. சுந்தரர் திருவொற்றியூரில் சத்தியம் மீறிக் கண் இரண்டையும் இழந்தார். இழந்தவர் பணிந்து அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைத்தது. மறு கண் வராமலே திருவாரூர்க்குப் போய் நின்று சிவனை நேருக்கு நேர் ஏசினார். கண் போன கோபம் அப்படியே இருக்கிறது அந்தப் பதிகத்தில். அதையும் தேவாரமாகத்தான் இன்றைக்கும் கோயிலில் ஓதுகிறார்கள், யாரும் எடுத்துப் போட்டுவிடவில்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் நாங்கள் நல்ல பிள்ளையாகக் கும்பிடுகிற பாட்டுகளை மட்டும் வைத்துவிட்டோம், அது எங்கள் தப்பு.

ஆகவே நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் வளைவைப் பார்த்து நாலு வார்த்தை திட்டலாம். சும்மா சொல்லவில்லை.

---

நத்தம்வழி, இரவு 8.45

19 வருஷமாக நடக்கிறேன். முறை என்ன என்று கேட்டிருந்தீர்கள். வேண்டுதல் நிறைவேறினால் செலுத்துவது நேர்த்திக்கடன், நிறைவேறவில்லை என்றால் கடன் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்பச்சி சொன்னது சரி. பயம் வேண்டாம், சாமி குத்தம் ஆகாது.

இனி நான் பார்த்தது. உப்பு வியாபாரத்துக்குப் போன செட்டியார்களிடமிருந்து தொடங்கியது இந்த நடை, 400 வருஷம் ஆகிறது என்பார்கள். குன்றக்குடியில் கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். காவடிக்காரர்கள் திரும்பியும் நடந்தே வருவார்கள். எங்கள் குழுவில் 8 பேர். பகலில் அரோகரா சத்தம் காதைப் பிளக்கும். ராத்திரி நத்தம் தாண்டிய பிறகு சத்தம் அடங்கி, காலடி மட்டும் கேட்கும். அப்போதுதான் ஆட்கள் வாய் திறப்பார்கள். 8 பேரில் 3 பேருக்கு வேண்டியது நடக்கவே இல்லை. ஒருவருக்குப் பிள்ளை இல்லை, இனி இல்லை என்றும் தெரிந்துவிட்டது. ஒருவருடைய மகன் விபத்தில் போய்விட்டான். மூன்றாவது ஆள் நான், என் கதை வேண்டாம். ஏன் நடக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

2022-இல் ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்களில் பக்தர்களை விடக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. தைப்பூசம் அந்த 18-ஆம் தேதிதான். விஷயம் தெரிந்து பலர் முன்னதாகவே போய்விட்டு வந்துவிட்டார்கள். நாங்கள் பிந்திவிட்டோம். அவ்வளவு தூரம் நடந்து போய் அடிவாரத்தில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தோம். கதவு சாத்தியிருக்கிறது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எங்கள் 3 பேருக்கும் அது பழகிய விஷயமாக இருந்தது. சாத்தின கதவுக்கு முன்னால்தான் நாங்கள் இத்தனை வருஷம் நின்றிருக்கிறோம். மற்ற 5 பேர்தான் ரொம்பத் தவித்தார்கள், நாங்கள் அவர்களைத் தேற்றிக் கூட்டிவந்தோம்.

வாருங்கள் என்று கூப்பிட மாட்டேன். வந்தால் எங்கள் குழுவில் இடம் இருக்கிறது.

---

கேள்விக்குறி, இரவு 9.02

நத்தம்வழி, நான் நம்பாதவன். இருந்தாலும் அந்த ராத்திரி நடை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை வருகிறது.

---

நத்தம்வழி, இரவு 9.04

பனி அதிகம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

செம்மண்தெரு, 9 நாள் கழித்து, இரவு 10.30

நேற்றுப் பிள்ளையார் நோன்பு. அரைப்பரீட்சை லீவு என்பதால் மாப்பிள்ளை பிள்ளைகள் இருவரையும் அனுப்பியிருந்தார். ஆவாரம்பூ, பொரி, கருப்பட்டிப் பணியாரம் எல்லாம் வழக்கம்போல.

திரியை வைத்து எடுக்கும் இழை மாவு பிடித்தது ஆத்தா. வீட்டில் இருந்தது 6 பேர். தட்டில் 7 இழை இருந்தது. கல்யாணமான பிறகு தங்கச்சி இழை எடுப்பது அவள் மாமியார் வீட்டில்தான், இங்கே இல்லை. அப்படியிருந்தும் ஒன்று கூடுதலாகப் பிடித்திருந்தார். தெரிந்து செய்தாரா, கை தவறியா என்று நான் கேட்கவில்லை. அப்பச்சி ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தார். நான் மூன்று வருஷம் கழித்து எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டதும் நெய்யும் வெல்லமும் சூடும், பழைய ருசி.

கடைசி இழையைப் பற்றவைத்துவிட்டு அப்பச்சி கையில் வைத்துக்கொண்டே நின்றார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. திரி எரிந்துகொண்டே இருந்தது. தங்கச்சி மகளுக்கு 9 வயது. எழுந்து வந்து, "அது அம்மாதுதானே ஐயா, என்கிட்ட குடுங்க" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பெரிய ஆள்களே சுடும் என்று கொஞ்சம் தயங்குவோம். அவள் தயங்கவில்லை.

முருகன் விஷயத்தில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பஸ்ஸில் வளைவு வந்தபோது போனைப் பையில் வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வாத்தியாரம்மா சொன்னபடி ஒரு வார்த்தை சொன்னேன், அது என்ன என்று இங்கே எழுத முடியாது.

நத்தம்வழி அண்ணே, இரண்டு கேள்வி. காவடி இல்லாமல் நடக்கலாமா? முழுக்க முடியாவிட்டால் சிங்கம்புணரியோடு திரும்பிவிடலாமா?

---

நத்தம்வழி, இரவு 10.51

காவடி இல்லாமல்தான் பாதிப் பேர் நடக்கிறார்கள். சிங்கம்புணரியில் திருப்பத்தூருக்குப் பஸ் உண்டு, எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். குன்றக்குடி அடிவாரத்தில் விடிவதற்கு முன்னால் 4 மணிக்கு நிற்போம். இன்றையிலிருந்தே வீட்டுக்குள்ளும் தெருவிலும் செருப்பில்லாமல் நடந்து பழகுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள்.

---

வளவுவீட்டு ஆச்சி, காலை 5.20

பேத்தியின் நாக்கு சுட்டிருந்தால் கொஞ்சம் வெண்ணெய் வையுங்கள்.